கல்லறை முந்தியா? காடு முந்தியா?

10 ஏக்கர் இடுகாட்டுக்காக பார்லிமெண்டு வரை போன மலையடிவாரக் கிராமம்! நம்ம ஊர்க்காரர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது

கடையநல்லூர்:

"என்னதான் சேர்த்தாலும் கடைசியில் ஆறடி மண்ணுதான் சொந்தம்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஆறடி மண்ணும் சொந்தம் இல்லை என்று ஆகிவிட்டால்?

இப்படி ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். சங்கு ஊதியாச்சு. பாடை கட்டியாச்சு. பாட்டன், பூட்டன் காலத்தில் இருந்து புதைத்து வரும் இடத்துக்கு நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கிப் போகிறார்கள். ஊர் எல்லை தாண்டியதும் வன இலாகாவின் எல்லைக் கல். அதற்கு அந்தப் பக்கம் ரிசர்வ் காடு. "பெர்மிஷன் இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி.

பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு எந்த ஆபீசுக்குப் போய் பெர்மிஷன் வாங்குவது?

"எங்க பாட்டன் கல்லறை இங்கேதான்யா இருக்கு. உங்க எல்லைக் கல் நேத்து நட்டதுதானே" என்பார் ஊர்க்காரர். "இருக்கலாம்யா. ஆனா மேப்பிலே காடுன்னு போட்டிருக்கே" என்பார் காவலர். இரண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. அதுதான் சிக்கல்!

கடையநல்லூர் பக்கத்து ஆட்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியது இல்லை. ஊரில் நின்று மேற்கே திரும்பினாலே மலை. கருப்பாநதி அணைப் பக்கம் போனால் வயல் முடிந்ததும் காடுதான். 2015-ம் ஆண்டில் இந்த மலைக் காடுகள் நெல்லை வனவிலங்கு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டன. கடையநல்லூர், சங்கரன்கோவில், புளியங்குடி சரகங்களின் காடுகள் அதில் அடக்கம். காடு, ரிசர்வ் காடு, சரணாலயம் என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் சட்டத்தின் பூட்டும் ஒன்று கூடுகிறது. உள்ளே ஒரு பழைய இடுகாடு இருந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும்.

இந்தப் பூட்டைத் திறக்க ஒரு கிராமம் என்ன பாடுபட்டது தெரியுமா? அது இங்கே அல்ல, கடல் தாண்டி. ஆனால் கதை நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது. விவரம் வருமாறு:-

வெள்ளி தேடி வந்தவர்கள்

அமெரிக்காவில் நெவாடா என்று ஒரு மாநிலம். பாதிக்கு மேல் பொட்டலும் மலையும்தான். அங்கே லேண்டர் கவுண்டி என்று ஒரு பகுதி. கவுண்டி என்றால் நம்ம கணக்குக்கு மாவட்ட அளவிலான உள்ளாட்சி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே தோயாபி என்ற மலைத்தொடரின் அடிவாரத்தில் இருப்பது கிங்ஸ்டன் என்ற சின்னஞ்சிறு ஊர்.

1860-களில் அந்த மலையில் வெள்ளி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஆட்கள் வந்து குவிந்தார்கள். சுரங்கம் தோண்டினார்கள். கடை போட்டார்கள். குடும்பம் நடத்தினார்கள். அப்புறம் எல்லா ஊரிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. ஆட்கள் செத்தார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு இடத்தில் புதைத்தார்கள். வழியோடு வந்து நோயில் விழுந்த வழிப்போக்கர்களையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அப்போது அது யார் நிலம் என்று யாரும் கேட்கவில்லை. பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை.

1907-ம் ஆண்டு வந்தது. அமெரிக்க சர்க்கார் அந்த மலைத்தொடரை தேசியக் காடு என்று அறிவித்தது. மேப்பில் கோடு போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே கல்லறையும் மாட்டிக்கொண்டது!

செத்தவர்கள் என்ன ஆட்சேபணை மனுவா கொடுக்க முடியும்?

பெர்மிட்டு வேறு, பத்திரம் வேறு

அங்கத்திய வன இலாகா ஒன்றும் ஈவிரக்கம் இல்லாமல் நடந்துகொள்ளவில்லை. "இடுகாடாகவே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெர்மிட்டு கொடுத்தது. மொத்தம் 10 ஏக்கர்.

ஆனால் பெர்மிட்டு என்பது என்ன? வாடகை வீடு மாதிரிதான். எத்தனை வருஷம் குடியிருந்தாலும் வீட்டுக்காரர் வீட்டுக்காரர்தான். விதி மாறினால் மாறும். அதிகாரி மாறினால் கேள்வி மாறும். ஒரு சுவர் கட்டவும், ஒரு பைப்பு போடவும் ஒவ்வொரு முறையும் ஆபீசு வாசலில் நிற்க வேண்டும். கடைக்கு வாடகை கொடுத்து வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். கடையையாவது காலி செய்து வேறு இடம் போகலாம். கல்லறையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அந்த நாட்டில் 1958-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. காட்டை ஒட்டிய ஊர்களுக்கு ஊர்ப் பொதுத் தேவைக்காக காட்டு நிலத்தைக் கொடுக்க வழி செய்யும் சட்டம் அது. அதன்படி கிங்ஸ்டன் ஊருக்கு நிலம் கிடைத்தது. எவ்வளவு? வெறும் 1¼ ஏக்கர். அதாவது 125 சென்ட்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. எங்கே எல்லாம் கல்லறை என்று அடையாளம் தெரிந்ததோ, அந்த அளவுக்கு அளந்து கொடுத்துவிட்டார்கள்.

அடையாளம் தெரியாத கல்லறைகள்?

அங்கேதான் வில்லங்கம்!

கல் இல்லாத கல்லறைகள்

அந்தக் காலத்தில் செத்தவர்கள் எல்லோருக்கும் பெயர் வெட்டிய கல் வைக்கவா முடிந்தது? ஏழைப்பட்டவனுக்கு ஒரு மரச் சிலுவை. அது 20, 30 வருஷத்தில் மக்கிவிடும். கைக்குழந்தை செத்தால் அதுவும் கிடையாது. நாலு கல்லைக் குவித்து வைத்தால் பெரிய காரியம். மழை வந்தால் அதுவும் உருண்டு போகும்.

நம்ம ஊர் இடுகாட்டிலும் இதே கதைதானே! சிமெண்டு சமாதி கட்டினவர் வீட்டுக் கணக்கு தெரியும். மண் மேடாக விட்டவர் வீட்டுக் கணக்கு யாருக்குத் தெரியும்? மையவாடியில் மீசான் கல் சாய்ந்து மண்ணுக்குள் போனால், அதன் கீழே இருப்பவர் யார் என்று சொல்ல அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிந்த கல்லறையை மட்டும் அளந்தால், வசதி உள்ளவர்களின் பிணம் உள்ளே. ஏழையின் பிணம் வெளியே. இதுதான் அந்த 1¼ ஏக்கரில் இருந்த பெரிய ஓட்டை.

பார்லிமெண்டில் வந்த மசோதா

2003-ம் ஆண்டு, நெவாடாவைச் சேர்ந்த ஜிம் கிப்பன்ஸ் என்ற உறுப்பினர் அமெரிக்க பார்லிமெண்டின் கீழ்சபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். போர், வரவு-செலவு, வல்லரசு அரசியல் என்று பேசும் சபையில், ஒரு கிராமத்து இடுகாட்டுக்காக ஒரு மசோதா! எண் 272.

மசோதாவில் சொல்லப்பட்ட காரணங்கள் எளிமையானவை. நம்ம ஊர் டீக்கடையில் உட்கார்ந்து படித்தாலும் புரியும்.

முதல் காரணம்: அந்த நிலம் வன இலாகா கைக்கு வருவதற்கு முன்பே அங்கே கல்லறை இருந்தது. கல்லறைதான் முந்தி, காடு பிந்தி.

இரண்டாவது: இப்படிப்பட்ட இடத்தை ஆபீசில் பெர்மிட்டு வாங்கி நடத்துவது முறை அல்ல. அந்தந்த ஊர் உள்ளாட்சியே சொந்தமாக வைத்து நடத்துவதுதான் முறை.

மூன்றாவது: ஏற்கனவே கொடுத்தது 1¼ ஏக்கர். அது அடையாளம் தெரிந்த கல்லறைகளுக்கு மட்டும்தான்.

நான்காவது: அடையாளம் இல்லாத கல்லறைகள் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. இனி சாகப்போகிறவர்களுக்கும் இடம் வேண்டும். ஆகவே பழைய பெர்மிட்டில் இருந்த மீதி 8¾ ஏக்கரையும் கவுண்டிக்குக் கொடுக்க வேண்டும்.

1¼-ம் 8¾-ம் சேர்ந்தால் கணக்கு 10 ஏக்கர். பழைய பெர்மிட்டில் எவ்வளவோ, அவ்வளவும்!

பாதை அடைக்க முடியாது

நிலம் கொடுப்பதோடு மசோதா நிற்கவில்லை. அதில் இன்னும் இரண்டு ஷரத்துக்கள். நம்ம ஊர் மணியக்காரர்கள் எழுதியது மாதிரி விவரமான ஷரத்துக்கள்!

ஒன்று, பாதை. காட்டு ரோடு வழியாகத்தான் அந்த இடுகாட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கு வன இலாகா வேறு காரணத்துக்காக அந்த ரோட்டை மூடினாலும்கூட, இடுகாட்டுக்குப் போகிறவர்களுக்கும் அடக்கக் காரியங்களுக்கும் வழி விட வேண்டும். அந்த உரிமையை நிலம் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

நம்ம நாட்டில் இடுகாடு இருந்தும் பாதை இல்லாமல் எத்தனை ஊரில் வயலிலும் வாய்க்காலிலும் இறங்கிப் பிணம் தூக்குகிறார்கள்! பாடையை ரோட்டில் இறக்கி வைத்து மறியல் என்ற செய்தியைப் படிக்காதவர்கள் உண்டா? இடம் கொடுத்தவன் பாதை கொடுக்காவிட்டால், இலை போட்டுவிட்டு சோறு போடாத கதைதான்.

இரண்டு, கடிவாளம். கொடுத்த இடத்தை இடுகாடாகவே வைத்திருக்க வேண்டும். வேறு காரியத்துக்கு விட்டது தெரிந்தால் நோட்டீசு கொடுத்து விசாரிப்பார்கள். அப்புறமும் நிறுத்தாவிட்டால் நிலம் திரும்ப சர்க்காருக்கே போய்விடும். கடை கட்டி வாடகைக்கு விடுவது, பிளாட் போடுவது, தலைவருக்கு வேண்டியவருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது எதுவும் செல்லாது.

ஊருக்கு நிலம், காட்டுக்குக் கடிவாளம். இரண்டு பேருக்கும் நியாயம்!

'கன்னிப்பெண்' கல்லறை ரகசியம்

அதே மசோதாவில் இன்னொரு கல்லறையும் இருந்தது. அதன் கதை இன்னும் சுவாரசியம்.

அதே நெவாடாவில் யுரேகா கவுண்டி. பியோவாவே என்ற ஊருக்குப் பக்கத்தில் 'கன்னியின் கல்லறை' என்று ஒரு இடுகாடு. அது காட்டு இலாகா நிலம் அல்ல. உள்துறையின் நில இலாகாவுக்குச் சொந்தமான சர்க்கார் பூமி. அங்கேயும் 10 ஏக்கரை கவுண்டிக்குக் கொடுக்கச் சொன்னது மசோதா.

யார் அந்தக் கன்னி?

1860-களின் கடைசியில் அந்த வழியாக ரெயில் பாதை போட வந்த தொழிலாளர்கள், ஆற்றங்கரையில் தனியாக ஒரு கல்லறையைப் பார்த்தார்கள். லூசிண்டா டங்கன் என்ற பெண்ணின் கல்லறை. 'பாவம், குடும்பத்தோடு மேற்கே பிழைக்கப் போன ஏதோ வயசுப் பெண் வழியிலேயே செத்துவிட்டது போல' என்று இரக்கப்பட்டார்கள். பக்கத்தில் சிலுவை நட்டார்கள். 'கன்னியின் கல்லறை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ரெயிலில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

பின்னால் விசாரித்துப் பார்த்தால் தூக்கிவாரிப் போட்டது. லூசிண்டா டங்கன் கன்னிப்பெண்ணே அல்ல. 70 வயதைத் தாண்டிய பாட்டி! பிள்ளைகள், பேரன், பேத்திகளோடு மாட்டு வண்டிக் கூட்டத்தில் போனவர். 1863-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வழியில் உயிர் போய்விட்டது.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் விஷயம் சிரிப்பு அல்ல. பெயர் தெரிந்த கல்லறைக்கே ஐந்தாறு வருஷத்தில் கதை மாறிவிட்டது. ஏட்டில் எழுதி வைக்காத கல்லறையின் கதி என்ன ஆகும்?

நம்ம ஊரில் கோடு போட்டது எப்படி?

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

தமிழ்நாட்டுக் காடுகளுக்குத் தாய்ச் சட்டம் 1882-ம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் வனச் சட்டம்தான் இன்றைக்கு தமிழ்நாடு வனச் சட்டம். ஒரு இடத்தை ரிசர்வ் காடாக ஆக்க வேண்டும் என்றால், முதலில் 4-வது பிரிவின்படி அறிவிப்பு வரும். அதிகாரி ஒருவரை நியமிப்பார்கள். 6-வது பிரிவின்படி ஊருக்குத் தெரிவிப்பார்கள். "இந்த நிலத்தில் யாருக்காவது உரிமை இருந்தால் கெடுவுக்குள் சொல்லு" என்பார்கள். விசாரணை முடிந்து 16-வது பிரிவின்படி கடைசி அறிவிப்பு வந்தால் கதவு சாத்தியாச்சு.

அதாவது, உரிமை கேட்க அன்றைக்கே வாய்ப்பு இருந்தது. வயல் வைத்திருந்தவன் கேட்டான். ஆடு, மாடு மேய்த்தவன் கேட்டான். விறகு பொறுக்கியவன் கேட்டிருப்பான். பிணம் புதைத்த இடத்தைக் கேட்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? எழுதப் படிக்கத் தெரியாத காலம். "அது சுடுகாடுப்பா, அதை யார் எடுக்கப்போறா?" என்று இருந்திருப்பார்கள். கேட்காத உரிமை, இல்லாத உரிமை ஆகிவிட்டது.

அப்போதுகூட ஒரு வழி இருந்தது. மாநில சர்க்கார் மனசு வைத்தால் காட்டில் ஒரு துண்டை எடுத்து ஊருக்குக் கொடுக்கலாம்.

சாவி டெல்லிக்குப் போன கதை

1976-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம் வந்தது. மாநிலத்தின் கையில் மட்டும் இருந்த காடு, மத்திய சர்க்காருக்கும் பங்கு உள்ள பட்டியலுக்குப் போனது.

1980-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி முதல் வனப் பாதுகாப்புச் சட்டம். காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு விட வேண்டும் என்றால் மத்திய சர்க்காரின் முன் அனுமதி இல்லாமல் ஒரு சென்ட்கூட விடக்கூடாது. சாவி சென்னையில் இருந்து டெல்லிக்குப் போய்விட்டது!

1996-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு பூட்டு போட்டது. நீலகிரி கூடலூர்ப் பக்கத்துக் காட்டுக்காகப் போடப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் வந்த உத்தரவு அது. யார் பெயரில் பட்டா இருந்தாலும் சரி, அகராதிப்படி காடு என்றால் காடுதான். சட்டம் பாயும் என்று சொல்லிவிட்டது.

சரணாலயம் என்றால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் படியையும் ஏற வேண்டும்.

இத்தனை படி ஏறி அனுமதி கிடைத்தாலும், நிலம் கைமாறுவது இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. பயன்படுத்திக்கொள்ள மட்டும்தான் விடுகிறார்கள். ஏட்டில் அது காடாகவே இருக்கும். பதிலுக்கு வேறு இடத்தில் மரம் வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். காட்டின் மதிப்புக்கும் பணம் கட்ட வேண்டும். சுரங்கக் கம்பெனிக்கு இது கொசுக்கடி. வீட்டு வரியை நம்பி இருக்கும் ஒரு பஞ்சாயத்துக்கு?

கிங்ஸ்டன்காரர்கள் 'பெர்மிட்டு வேண்டாம், பத்திரம் வேண்டும்' என்று ஏன் கேட்டார்கள் என்பது இப்போது புரியும்.

13 உண்டு, இடுகாடு இல்லை!

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வாழும் பழங்குடி மக்களுக்கும், மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருஷமாகக் காட்டை நம்பி வாழும் மற்றவர்களுக்கும் உரிமை கொடுக்கும் சட்டம். அதில் 3-வது பிரிவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஊருக்குத் தேவையான 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, அதாவது சுமார் 2½ ஏக்கருக்குள், காட்டு நிலத்தை விடலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை சிபாரிசு வேண்டும்.

என்னென்ன 13? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்சார-டெலிபோன் லைன், குளம், குடிதண்ணீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு, சின்னப் பாசன வாய்க்கால், சூரிய சக்தி போன்ற மாற்று மின்சாரம், தொழிற்பயிற்சி நிலையம், ரோடு, சமுதாயக் கூடம்.

பிறந்த குழந்தைக்கு அங்கன்வாடி உண்டு. படிக்கப் பள்ளிக்கூடம் உண்டு. அரிசி வாங்க ரேஷன் கடை உண்டு. நோய் வந்தால் ஆஸ்பத்திரி உண்டு. செத்தால்? இடுகாடு பட்டியலிலேயே இல்லை!

ஆனாலும் கதவு முழுதாகச் சாத்தவில்லை. ரெண்டு ஜன்னல் திறந்திருக்கிறது.

ஒன்று, பட்டியலில் ரோடு இருக்கிறது. காட்டு வழியாகப் போகும் ஊர்ப் பாதைக்கு அதன்படி கேட்கலாம்.

இரண்டு, அதே சட்டத்தின் விதிகளில் 13-வது விதி. சமுதாய உரிமை கேட்கிறவர்கள் என்னென்ன சாட்சியம் காட்டலாம் என்று அதில் பட்டியல் இருக்கிறது. கோவில் மரம், பழைய கட்டிட மிச்சம், குளம் ஆகியவற்றோடு இடுகாடும் சுடுகாடும் அதில் வருகிறது. அதாவது, சட்டத்தின் கண்ணில் பாட்டன் கல்லறை ஒரு சாட்சி! "நாங்கள் இங்கே வாழ்ந்தோம்" என்பதற்கு செத்தவர்களே சாட்சி சொல்லலாம்.

கிராம சபையில் மனு வைத்து, அது கோட்ட அளவுக் குழுவுக்குப் போய், கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவு செய்ய வேண்டும். தென்காசி தனி மாவட்டமாக 2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி பிரிந்த பிறகு, இந்தப் பக்கத்து ஆட்கள் அதற்காகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டியது இல்லை.

காட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம்

ஒரு பக்கம் மட்டும் பேசினால் நியாயம் ஆகாது.

வன இலாகாவுக்கு ஏன் பயம்? ஒரு கல்லறைக்கு இடம் விட்டால் பக்கத்தில் ஒரு மண்டபம் வரும். மண்டபத்துக்கு லைட்டு வரும். லைட்டு வந்தால் கடை வரும். கடை வந்தால் வேலி வரும். யானை நடந்த பாதையில் வேலி வந்தால் யானை வயலுக்குள் இறங்கும். தென்னையையும் வாழையையும் இழந்த விவசாயிகளைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள். அந்தப் பயம் பொய் அல்ல.

காட்டுக்காரர்களுக்குக் கல்லறையின் அருமை தெரியாது என்றும் சொல்ல முடியாது. பொள்ளாச்சிக்கு மேலே டாப்சிலிப்பில் ஹியூகோ உட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. மொட்டை அடிக்கப்பட்ட மலையில் தேக்கு நட்டு மறுபடி காடாக்கியவர். 1933-ம் ஆண்டு செத்த அவரை, அவர் ஆசைப்படியே அவர் வளர்த்த தேக்கு மரங்களுக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள். இன்றைக்கும் அந்தக் கல்லறை புலிகள் காப்பகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஒரு அதிகாரியின் கல்லறைக்குக் காடே காவல். அவர் பெயர் ஏட்டில் இருக்கிறது, கல்லில் இருக்கிறது. ஏடும் கல்லும் இல்லாத ஊர்க்காரர்களின் கல்லறைக்கு யார் காவல்?

வழி இருந்தால்தான் உறவு

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்கள் மண்ணோடு மண்ணாகப் போயின. 70 பேர் பலி. செத்தவர்களில் பலருடைய பூர்வீகம் நம்ம பக்கத்துக் கயத்தாறு. கிடைத்த உடல்களை ராஜமலையில் சேர்த்து அடக்கம் செய்தார்கள். ஆகஸ்டு வந்தால் உறவுக்காரர்கள் மலை ஏறிப் போய் பூப் போட்டு அழுதுவிட்டு வருகிறார்கள்.

மலையில் புதைக்கப்பட்டவர்களுக்கு கீழே ஊரில் உறவு இருக்கிறது. போக வழி இருக்கும் வரைதான் அந்த உறவும் இருக்கும். இடுகாட்டுப் பாதை என்பது வெறும் மண் ரோடு அல்ல.

ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது என்ன?

இடுகாடு, சுடுகாடு வைத்துப் பராமரிப்பது தமிழ்நாட்டில் கிராமப் பஞ்சாயத்தின் கடமை. டவுனில் நகராட்சியின் கடமை. அதற்கென்றே 1999-ம் ஆண்டில் கிராமப் பஞ்சாயத்துகளுக்குத் தனி விதிகளும் வந்தன. ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் தலைவரைப் பிடித்துச் சண்டை போட்டால் பிரயோசனம் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது கிராமக் கணக்கு. கிராம நிர்வாக அதிகாரியிடம் 'அ' பதிவேடு இருக்கும். உங்கள் இடுகாட்டின் சர்வே நம்பர் அதில் என்ன என்று இருக்கிறது? 'மயானம்' என்றும் புறம்போக்கு என்றும் இருந்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. அது வருவாய் இலாகா சங்கதி. தாசில்தார் ஆபீசோடு முடியும். 'காடு' என்று இருந்தால்தான் மேலே சொன்ன படிகள் எல்லாம்.

இரண்டாவது, அளவு. மேடாகத் தெரியும் சமாதி வரைக்கும் மட்டும் அளக்க விடக்கூடாது. கிங்ஸ்டனில் நடந்தது ஞாபகம் இருக்கட்டும். 1¼ ஏக்கர் கொடுத்த பிறகு மீதி 8¾-க்கு பார்லிமெண்டு வரை போக வேண்டியதாயிற்று.

மூன்றாவது, பாதை. நிலம் கேட்கும் அதே மனுவில் பாதையையும் கேட்க வேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றால் அடுத்த பிணத்தை வாய்க்காலில் இறக்கித்தான் தூக்க வேண்டும்.

நான்காவது, சத்தியம். 'இடுகாடு தவிர வேறு எதுக்கும் விட மாட்டோம். விட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஊரே எழுதிக் கொடுக்கட்டும். வன இலாகாவின் பயத்துக்கு அதுதான் மருந்து.

ஐந்தாவதுதான் எல்லாவற்றையும் விட அவசரம். ஊரில் 80 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களைக் கைத்தாங்கலாக இடுகாட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். இது யார், அது யார், எந்த வருஷத்து மழைக்கு முன்னால், எந்தக் காய்ச்சலில் போனவர் என்று கேளுங்கள். படிக்கிற பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வயதானவர்களின் வாக்குமூலமும் வன உரிமை விதிகளில் ஒரு சாட்சியம்தான். ஆனால் அந்தச் சாட்சிக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது.

இந்து இடுகாடு, முஸ்லிம் மையவாடி, கிறிஸ்தவர் கல்லறைத் தோட்டம், மலைவாழ் மக்களின் புதைமேடு எல்லாவற்றுக்கும் இது ஒரே கணக்குதான்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்? நெவாடாவில் 70 வயதுப் பாட்டியைக் கன்னிப்பெண் ஆக்கிவிட்டார்கள். அவருக்காவது ஒரு கல்லறை மிஞ்சியது. இங்கே அதுவும் இல்லாமல், பாட்டன் படுத்திருக்கும் இடம் மேப்பில் வெறும் காடாக நின்றுவிடும். அப்புறம் பாடையோடு போய் எல்லைக் கல் பக்கத்தில் நின்று வாதாடிப் பயன் இல்லை. கேட்க வேண்டிய நேரம், ஊரில் யாரும் சாகாமல் இருக்கிற இந்த நேரம்தான்!